ஒரே உலை

முதலில் எனக்குத் தீங்கு செய்தவன் தணிகாசலம்தான். மற்றவர்கள் அவனுக்குப் பின்னால் கை தூக்கியவர்கள். அவர்களை இரண்டாம் வரிசையில் வைத்திருக்கிறேன், அவர்களுக்கும் நேரம் வரும், ஆனால் முதல் கை இவனுடையது. அந்தக் கை இப்போது என் முழங்கைக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியின் பிடியில் காய்ந்த வாழைப்பட்டை மாதிரி கிடக்கிறது. வலது கை, வாதம் வந்த பக்கம். வாதம் நாக்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது, ஒரே ஒரு வார்த்தையை மட்டும் எதற்கு விட்டுவைத்ததோ தெரியவில்லை, எதைக் கேட்டாலும் "ஆமா" என்கிறான். பசிக்கிறதா என்றால் ஆமா. இப்போதுதானே சாப்பிட்டாய் என்றால் ஆமா. மத்தியானம் ஆனால் நான் மேலே ஏறி வந்து இவன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன், இவன் மகள் பரிமளா டிவியில் அந்தச் சீரியலைப் போட்டுவிட்டு உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாள். "மாமா, உங்க ஆளுங்க வந்துட்டாங்க பாருங்க" என்பாள் போகும்போது. என் ஆட்களாம். உலகமே ஒரு காய்ச்சலில் அழிந்துபோய், மிச்சமிருக்கிறவர்கள் எல்லாம் ஒரு பழைய ரயில்வே பட்டறையில் ஒன்றாகச் சேர்ந்து வாழ்கிற கதை, வெளிநாட்டுக்காரன் எடுத்தது, தமிழில் பேச வைத்திருக்கிறார்கள். பட்டறைக்கு வெளியே பனி கொட்டுகிறது. இங்கே ஃபேன் கடகடவென்று சுற்றுகிறது, பக்கத்து வீட்டில் யாரோ காரப்பொடி வறுக்கிறார்கள், அந்த வாசனைக்கு நடுவில் தணிகாசலத்தின் மேலிருந்து பவுடரும் டெட்டாலும் கலந்த வாடை வருகிறது. நாளைக் காலையில் வண்டி வருகிறது. பரிமளா இவனை ஓசூருக்கு, புருஷன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள், இந்த வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று. எனக்கு இன்று ஒரு மத்தியானம்தான் பாக்கி. இவன் வாயிலிருந்து எனக்கு ஒரு வார்த்தை வர வேண்டும். ஏகாம்பரம் திருடவில்லை, என்னிடம் சொல்லிவிட்டுத்தான் வைத்தான் என்று என் பேரைச் சொல்லி. அவ்வளவுதான். அதற்காகத்தான் இத்தனை நாளாய் வந்து உட்கார்ந்திருக்கிறேன், இந்த ஹவுசிங் போர்டு முழுக்க என்னை மெச்சுகிறது, கூடப் பிறந்தவன்கூட இப்படிப் பார்க்க மாட்டான், என்ன சிநேகிதம் பாரு என்று. சிநேகிதமாவது மண்ணாவது. கொடுக்க வேண்டியவன் ஊரை விட்டுப் போய்விடாமல் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன்.

டிவியில் குல்லாக்காரி பேசுகிறாள். அவர்கள் பேரெல்லாம் என் வாயில் நுழையாது, நானாகப் பேர் வைத்திருக்கிறேன். குல்லாக்காரிதான் அங்கே தலைவி. அப்புறம் தாடிக்காரன், அவனுக்கு ஒரு நோயாளித் தங்கச்சி. "தோழர்களே, இனி உன்னுடையது என்னுடையது என்று இங்கு எதுவும் இல்லை" என்கிறாள் குல்லாக்காரி. சுத்தமான தமிழ், உலகம் அழிந்த பிறகு எல்லோருக்கும் தமிழ் நன்றாக வந்துவிட்டது, பல்லும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. இதே பேச்சைத் தணிகாசலம் எங்கள் மொட்டை மாடியில் பேசினான், நம் தமிழில். அந்தக் கார்த்திகையில் ஆறு ஏறி வந்து கீழ்த்தளம் முழுகி முதல் மாடியின் படியை நக்கிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை, பாலத்துப் பக்கம் மனுஷன் இருக்கிறானா என்றுகூடத் தெரியவில்லை. எல்லோரும் மேலே ஏறினோம். தணிகாசலம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவன், யூனியன் ஆள், எங்கே நாலு பேர் கூடினாலும் அது அவனுக்குக் கூட்டம்தான். வாட்டர் டேங்க் திட்டில் ஏறி நின்றான். "இதோ பாருங்கப்பா, இப்போ ஒண்ணாம் நம்பர் வீடு, பத்தாம் நம்பர் வீடுன்னு எதுவும் கிடையாது. இந்த மாடிதான் வீடு. அரிசி, பருப்பு, கேஸ், மெழுகுவத்தி எது இருந்தாலும் மேலே வந்துடணும். ஒரே உலை, ஒரே கரண்டி. வீட்டுக்குப் பூட்டு கூடாது. சாவியெல்லாம் இந்தக் கயித்துல தொங்கட்டும், எவனுக்கு எது வேணும்னாலும் எவன் வீட்டுலயும் போய் எடுத்துட்டு வரலாம். யாருக்கு இது சம்மதம்? கை தூக்குங்க." எல்லாக் கையும் மேலே போனது. என் கை எல்லோருக்கும் முன்னால் போனது, அதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. காஜா பாய் கல்யாணத்துக்குப் பிரியாணி போடுகிற தேக்ஸாவைக் கொண்டுவந்து வைத்தார். "வெஜிடேரியன் பார்ட்டிங்க பயப்படாதீங்க, புளி போட்டுத் தேச்சு வச்சிருக்கேன்" என்றார், மழைக்குக் கட்டியிருந்த தார்ப்பாய்க்குக் கீழே எல்லோரும் சிரித்தார்கள். எதிர்வீட்டோடு வருஷக்கணக்காகப் பேசாதவன் அன்றைக்கு அவன் தட்டை வாங்கிக் கழுவினான். நான் மூணாவது படித்து நின்றவன், மார்க்கெட்டில் மூட்டை தூக்கினவன், என்னை யாரும் எதற்கும் யோசனை கேட்டதில்லை. அன்றைக்கு "ஏகாம்பரம், இவ்வளவு அரிசி எத்தனை வேளைக்குத் தாங்கும்?" என்று கேட்டார்கள். சொன்னேன். மழை தார்ப்பாய் மேல் அடித்துக்கொண்டே இருந்தது, எனக்கு அது நிற்க வேண்டாம் என்றுகூட இருந்தது. என் பெண்டாட்டி சர்குணத்திடம் சொன்னேன், இப்படியே இருந்துவிட்டால் நல்லா இருக்குமில்லே என்று. அவள் தலையை ஆட்டினாள். அவளால் அப்போது அதிகம் பேச முடியாது.

சர்குணத்தின் வாய். அதைப் பற்றி நினைக்க வேண்டாம் என்றுதான் பார்க்கிறேன், எந்தப் பக்கம் போனாலும் அங்கேதான் வந்து நிற்கிறது. வெற்றிலைப் புகையிலை போட்டுப் போட்டு உள்கன்னத்தில் புண் வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் தாடையில் ஒரு பக்கத்தை அறுத்து எடுத்திருந்தார்கள். மெல்ல முடியாது. காரம் பட்டால் கண்ணில் நீர் முட்டும், உப்பு பட்டால் அடிபட்ட நாய் மாதிரி ஒரு சத்தம் வரும். பால் பவுடரைக் கரைத்து ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொள்வாள், அதுதான் அவளுக்குச் சோறு. தேக்ஸாவில் கொதித்ததோ மிளகாய்த்தூள் போட்ட சாம்பார் சாதம். ஒரே கரண்டி என்றால் எல்லா வாயும் ஒரே வாயாக இருக்க வேண்டுமே. தணிகாசலத்தைத் தனியாக டேங்குக்குப் பின்னால் கூட்டிப் போய்ச் சொன்னேன். "தணி, எங்க வீட்டுல ஒரு டின் பால் பவுடர் இருக்கு, அது அவளுக்கு வேணும். கூட்டத்துல சொல்லிடறேன்." அவன் யோசித்தான். தலையைச் சொறிந்துகொண்டு யோசித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. "சொல்லாத ஏகா. உனக்கு ஒண்ணு விட்டா நாளைக்கு ஆளாளுக்கு ஒரு வியாதி சொல்லுவான். சுகருக்கு ஒருத்தன், அல்சருக்கு ஒருத்தன். அப்புறம் உலை ஏது, ஊர் ஏது? நீ பாட்டுக்குக் கீழேயே வச்சுக்க. தங்கச்சி இறங்கிப் போய்க் குடிச்சுட்டு வரட்டும். நான் பாத்துக்கறேன்." நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த வார்த்தையை நம்பி, தண்ணீர் ஏறாத எங்கள் வீட்டுக்குப் படி இறங்கினேன். இரண்டாம் மாடி எஸ்தருக்குக் கைக்குழந்தை, பயத்திலோ என்னவோ அவளுக்குப் பால் சுரக்கவில்லை, பிள்ளை வீறிட்டு அழுதது. சர்குணம் கையைக் காட்டிச் சைகை செய்தாள், பாதியைக் கொடுத்துவிடலாம் என்று. நான் போய்த் தணிகாசலத்திடம் கேட்டேன், இதையும் கேட்டேன். "வேணாம் ஏகா, டின்னு வெளிய வந்தா எங்கேருந்து வந்துச்சும்பாங்க. கொழந்தைக்குக் கஞ்சித் தண்ணி குடுக்கச் சொல்லியிருக்கேன்" என்றான். மறுநாள் எஸ்தர் புருஷன் ஸ்டவ்வுக்காகக் கயிற்றிலிருந்து எங்கள் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனவன், காலி அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்த பால் பவுடர் டின்னைப் பார்த்துவிட்டான். அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தான். குழந்தை அழுதுகொண்டிருந்தது. எஸ்தர் திட்டவில்லை. "ஏங்க்கா, என் புள்ள கத்துறது உங்களுக்குக் கேக்கலையா?" என்று சர்குணத்தைப் பார்த்துக் கேட்டாள், அவ்வளவுதான். சர்குணம் பதில் சொல்ல வாயைத் திறந்தாள், வாயிலிருந்து எச்சில்தான் வந்தது. நான் சொன்னேன், தணிகாசலத்தைக் கேளுங்க, அவங்கிட்டச் சொல்லிட்டுத்தான் வச்சேன். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் தார்ப்பாயில் தேங்கின தண்ணீரைப் பார்த்தான். குச்சியால் அதை மேலே தள்ளி வழிய விட்டான். "இப்போ அந்தப் பேச்சு வேணாம். பொது முடிவுதான் முடிவு. டின்னு கொழந்தைக்கு. ஏகாம்பரம் வீட்டுக்கு இனிமே கடைசிக் கரண்டி. சம்மதம்னா கை தூக்குங்க." கேட்டவனே முதலில் தூக்கினான். கேட்கிறவன் தூக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

கடைசிக் கரண்டி என்றால் அடிப்பிடித்தது. காஜா பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போட்டார். சர்குணம் அதைத் தொடவில்லை, தொட்டாலும் அவளுக்கு ஆகாது. தண்ணீர் வடிகிற வரைக்கும் மழைத் தண்ணீரைப் பிடித்து ஸ்பூனால் விட்டுக்கொண்டாள். வடிந்து எல்லோரும் சேறு தள்ளிக்கொண்டிருக்கும்போது தணிகாசலம் என் வீட்டுக்கு வந்தான், ராத்திரிகூட இல்லை, பட்டப்பகலில் நின்று சொன்னான். "அப்போ நான் ஒத்துக்கிட்டிருந்தா மாடி உடைஞ்சிருக்கும் ஏகா. எவனும் எவனையும் நம்பியிருக்க மாட்டான். எல்லாம் அடங்கட்டும், கூட்டம் போட்டு நானே சொல்றேன்." சர்குணம் சுவர் ஓரம் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் போன பிறகு என் கையைப் பிடித்து மெல்ல அமுக்கினாள், விடு என்றா, விடாதே என்றா, அது எனக்குத் தெரியவில்லை. பொங்கல் கழியட்டும் என்றான். எலெக்‌ஷன் கழியட்டும் என்றான். ஆடியில் அவளே கழிந்துவிட்டாள். அதனால் இல்லை, புண் திரும்பி வந்தது என்றுதான் டாக்டர் சொன்னார், டாக்டர் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் சாவுக்கு வந்த பெண்கள் வாசலில் நின்று, இதுதான் அந்தப் பால் பவுடர் வீடா என்று ஒருத்தி கேட்க இன்னொருத்தி ஆமாம் என்றதை நான் காதால் கேட்டேன். பிணத்தின் காதிலும் அது விழுந்திருக்கும். தணிகாசலம் மாலை வாங்கிக்கொண்டு வந்தான். பாடைக்கு முன் தோள் கொடுத்தான். அழுதான்கூட. அந்தக் கூட்டத்தில் சொல்லியிருக்கலாம், எல்லோரும் இருந்தார்கள், ஒரு வார்த்தை, சுடுகாட்டுக்குக் கிளம்புகிறதுக்கு முன்னால் ஒரே வார்த்தை. கருமாதி கழியட்டும் என்று அவன் கண் சொன்னது. இப்படிக் கழித்துக் கழித்துத்தான் போன மழைக்கு முன்னால் குளியலறையில் விழுந்தான். செய்தி கேட்டு நான் ஓடினேன். பரிமளா அதைப் பார்த்துத்தான் மாமா மாமா என்று உயிரை விடுகிறாள். நான் ஓடினது அவன் பிழைப்பானா என்று பார்க்க இல்லை. பேசுவானா என்று பார்க்க.

குல்லாக்காரி கூட்டம் கூட்டிவிட்டாள். இன்றைக்கு என்ன என்றால் தாடிக்காரன் தங்கச்சிக்காக மருந்து பதுக்கி வைத்திருக்கிறான், அகப்பட்டுக்கொண்டான். பட்டறை நடுவில் நிற்க வைத்திருக்கிறார்கள். வெளியே துரத்துவோம் என்று ஒருவன் கத்துகிறான், பனியில் செத்துப் போகட்டும் என்று. தணிகாசலத்தைப் பார்த்தேன். பார்க்கிறான். கண் டிவியில்தான் இருக்கிறது, உள்ளே போகிறதா தெரியவில்லை. குல்லாக்காரி தன் குல்லாயைக் கழற்றினாள். நரைத்த தலை. "இவர் குற்றவாளி அல்ல. நான்தான் அனுமதித்தேன். அனைவருக்கும் ஒரே பங்கு என்று உங்களிடம் கூறிவிட்டு, ரகசியமாக இவருக்கு அனுமதி அளித்தேன்." நான் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன், எழுந்தது எனக்கே பிறகுதான் தெரிந்தது. சொல்லிவிட்டாள். அவ்வளவு சுலபம். வாயைத் திறந்தாள், சொன்னாள். "தணி, பாத்தியா? பாத்தியாடா?" என்றேன். "ஆமா" என்றான். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. அவர்கள் குல்லாக்காரியைப் பிடித்துத் தள்ளினார்கள். இனி யாரை நம்புவது என்று ஒருத்தி மூட்டையைக் கட்டினாள், இன்னொருவன் ரொட்டி வைத்திருந்த பெட்டியை உடைத்தான், அடிதடி, கடைசியில் ஆளுக்கொரு பக்கமாகப் பனியில் நடந்து போனார்கள், பட்டறை காலி. அடுப்பில் புகை மட்டும். அப்படியானால் இவன் சொன்னது சரிதானா? மாடி உடைந்திருக்குமா? கஞ்சித் தண்ணி குடித்த அந்தப் பிள்ளை, இப்போது பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறதே எஸ்தரின் பிள்ளை, மாடி உடைந்திருந்தால் அது பிழைத்திருக்காதோ? தலைக்குள் அது சுற்றிச் சுற்றி வந்தது, ஈ மாதிரி, உட்காரவும் இல்லை போகவும் இல்லை. மாடியைக் காப்பாற்றப் பழி சுமக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது என்றால், சரி, நான் மூட்டை தூக்கினவன், அதையும் தூக்கியிருப்பேன், தண்ணீர் வடிகிற வரைக்கும் தூக்கு என்று என்னிடம் கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். வடிந்த பிறகு இறக்கி வைத்திருக்க வேண்டாமா? சர்குணம் தலையிலும் அல்லவா வைத்துவிட்டான். அது ஒரு கதை, இங்கே பனி எங்கே கொட்டுகிறது, நம் ஜனங்கள் அப்படி உடைகிறவர்களா? உடைந்தால்தான் என்ன? தாடிக்காரன் தங்கச்சியை முதுகில் தூக்கிக்கொண்டு தலை நிமிர்ந்து போனான், அதையும் காட்டினார்களே.

எனக்கும் ஒரு நாள் இப்படி விழும் என்ற நினைப்பு வந்தது. இடது காலில் போன வாரத்திலிருந்து மரத்துப் போகிறது. என் நாக்கும் போய்விட்டால் அப்புறம் டேங்குக்குப் பின்னால் நடந்ததைச் சொல்ல இந்த உலகத்தில் ஒருத்தரும் இல்லை, அது நடக்கவே இல்லை என்று ஆகிவிடும், சர்குணம் திருடி என்பது மட்டும் நிற்கும். நாற்காலிக்கு முன்னால் போய் அவன் முகத்துக்கு நேராகக் குனிந்தேன். "தணி, என்னைப் பாரு. டின்னு விஷயம் உங்கிட்டச் சொன்னேனா இல்லையா?" "ஆமா." "நீதானே வச்சுக்கச் சொன்னே?" "ஆமா." இத்தனை வருஷம் கேட்க நினைத்தது இதுதான், இதே வார்த்தை. அதோடு எழுந்து வந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. வாங்கின பொருளைத் தட்டிப் பார்க்காமல் வருகிறவன் நான் இல்லை. "அப்போ நான் திருடினேனா?" என்று கேட்டேன். "ஆமா" என்றான். அதே குரல், அதே முகம். கண்ணில் நீர் வழிந்தது, ஆனால் அந்தக் கண்ணில் சோப்பு விளம்பரத்துக்கும்தான் வழிகிறது. "பொய் சொல்லாதேடா" என்று கத்திவிட்டேன் போல, பரிமளா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "என்ன மாமா, என்னாச்சு?" சொன்னேன். முதல் தடவையாக அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், டேங்க், டின், கடைசிக் கரண்டி, கருமாதி. அவள் அப்பாவின் வாயைத் துண்டால் துடைத்தபடியே கேட்டாள். அந்த வெள்ளத்தின்போது அவள் கட்டிக்கொடுத்த ஊரில் இருந்தாள், ஒன்றும் தெரியாது. துண்டை மடித்து வைத்தாள். பிறகு, "அதுக்காகவா மாமா தினமும் வந்தீங்க?" என்றாள். நான் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. "எனக்கு நீங்க சொல்றது உண்மைன்னு படுது. அப்பா அப்படித்தான், சங்கம்னா பெத்த பொண்ணையும் விட்டுக்குடுப்பாரு. வேணும்னா இப்பவே கீழ இறங்கி எஸ்தரக்கா கிட்ட நான் சொல்றேன், அப்பா சார்பா." நல்ல பெண். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. நான் வேண்டாம் என்றேன். நீ மாடியில் இல்லையேம்மா. உன் வார்த்தைக்கு எஸ்தர் என்ன சொல்வாள், பாவம் கிழவன் கெஞ்சியிருப்பான், பொண்ணு மனசு இளகிச் சொல்றா என்பாள். அது பிச்சை. எனக்கு வர வேண்டியது அது இல்லை.

அவள் டிவியை அணைத்தாள். பெட்டி கட்ட வேண்டும், அப்பாவைக் கட்டிலில் படுக்க வைக்கணும், ஒரு கை பிடிக்கறீங்களா மாமா என்று கேட்டாள், இவ்வளவுக்குப் பிறகும் கேட்டாள், நானும் பிடித்தேன். மூட்டை தூக்கின தோள், எடை தெரியும். வாதக் கையை என் கழுத்தைச் சுற்றிப் போட்டுத் தூக்கும்போது அவன் மூச்சு என் காதுக்குப் பக்கத்தில் சூடாக வந்தது. ஒன்றுமே இல்லை, எலும்பும் தோலும், அந்த மாடியையே கட்டி நிறுத்தின மனுஷன். படுக்க வைத்தேன், சட்டையை இழுத்துவிட்டேன், காலுக்கடியில் தலையணையை வைத்தேன். அவள் அடுத்த அறைக்குப் போனதும் குனிந்து சொன்னேன், "தணி, ஓசூர்ல நல்ல வைத்தியம் இருக்காம். பேச்சு வந்துட்டா எனக்கு ஆள் அனுப்பு. நான் இங்கேயேதான் இருப்பேன். எல்லாரையும் கூப்பிட்டு வைக்கறேன், நீ வந்து சொல்லிட்டுப் போ. சொல்லுவியா?" ஆமா என்பான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. திருப்பிக் கேட்டேன். வாயை மூடிக்கொண்டான். உதடு இறுகியிருந்தது, கண் என்னைத்தான் பார்த்தது, முழுசாகப் பார்த்தது. அவனுக்கு விளங்குகிறது. அப்படியானால் இத்தனை மத்தியானமும் விளங்கிக்கொண்டுதான் இருந்தானா? இல்லை, நாக்கு அந்த நேரத்துக்கு ஓய்ந்துவிட்டதா? செய்ய முடியாததற்கு இனிமேல் ஆமா சொல்ல வேண்டாம் என்று நினைத்தானா, இல்லை, இப்போதும் மாடிக்குக் காவல் நிற்கிறானா? கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டே இருந்தேன். கீழே பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளின் சத்தம் படியேறி வந்தது. பரிமளா வந்து, "இருட்டிடும் மாமா, பாத்து இறங்குங்க" என்றாள். இறங்குகிறேன் என்றேன். இன்னும் கொஞ்சம் பார்க்கிறேன் என்றேன். அவன் வாய் திறக்கவில்லை.